பள்ளிக்கூடக் கதைகளும் அவற்றின் சித்திரங்களும்

பாலர்க்கென எழுதப்படும் கதைகளைப் பற்றி இலக்கிய அனுபந்தத்தில் ஆராய்வது வீண் வேலையென்று கருதுவோர் நம்மிடையே உளர். அதிலும், பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு, பள்ளிப் பிள்ளைகளின் சண்டையையும் சிரிப்பையும் அழுகையையும் சொல்லும் கதையென்றால், அது பொழுதுபோக்கேயன்றிப் புலமைக்குரிய பொருளாகாதென்று அவர்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை, தான் யாரென்று தன்னைத்தானே கேட்கத் தொடங்கும் பருவத்தில் இருக்கிறது. அப்பருவத்தில் அதன் கைக்கு வரும் புத்தகத்தில் எவருடைய முகம் கதாநாயகனின் முகமாகவும், எவருடைய முகம் கோமாளியின் முகமாகவும் வரையப்பட்டிருக்கிறது என்பது சிறிய விஷயமன்று. இவ்வகைக் கதையின் வரலாறே அந்த முகம் மாறிய வரலாறு எனலாம்.

ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தைக் களமாக வைத்துப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட முதல் நீண்ட கதை, ஸாரா பீல்டிங் என்னும் மாது 1749-ம் வருஷத்தில் வெளியிட்ட 'தி கவர்னஸ்' என்பதாகும். ஒன்பது சிறுமிகள் ஒரு சிறு பாடசாலையில் கற்கும் நல்லொழுக்கத்தைச் சொல்வது அது. நீதி மிகுதி; உயிர் குறைவு. உயிருள்ள கதை பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. 1857-ம் வருஷத்தில் தாமஸ் ஹியூஸ் என்பார், தம் பெயரைப் போடாமல் 'பழைய மாணவன் ஒருவன்' எழுதியதென்று மட்டும் குறிப்பிட்டு, 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்னும் நவீனத்தை வெளியிட்டார். களம் இங்கிலாந்தின் ரக்பி பாடசாலை. காலம் 1828 முதல் 1842 வரை அங்குத் தலைமையாசிரியராக விளங்கிய டாக்டர் தாமஸ் ஆர்னால்டின் காலம். ஹியூஸ் அவரிடம் நேரே கற்றவர்.

அக்கதையில் பிளாஷ்மன் என்ற பெரிய பையன், சிறுவனாகிய டாமை எரியும் அடுப்பின் முன்னே பிடித்து வாட்டுகிறான். மூத்த மாணவர்க்கு இளைய மாணவர் எடுபிடி வேலை செய்வது அப்பள்ளிகளில் ஒழுங்கான வழக்கம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளே ஒருவரையொருவர் இவ்வாறு வாட்டி வதைத்துக்கொண்டு, பின்னர் வளர்ந்து, இந்தியாவையும் மலாயாவையும் ஆளக் கப்பலேறி வந்தனர் என்பதை நினைக்குந்தோறும், நமது தோட்டத்துப் பழைய துரைமாரின் குணங்கள் சிலவற்றுக்கு வேர் எங்கே இருந்ததென்பது நமக்கு ஒருவாறு புலனாகிறது. இது நிற்க. 1869-ம் வருஷத்தில் ஆர்தர் ஹியூஸ், ஸிட்னி பிரையர் ஹால் என்னும் இரு ஓவியர் வரைந்த சித்திரங்களோடு அந்நவீனம் மறுபடி வெளியாயிற்று. பள்ளிக்கூடக் கதையும் சித்திரமும் நன்கு கைகோத்தது அப்பொழுதுதான்.

1870-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவைக் கொண்டு சென்றது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகவே, ஒரு பென்னிக்கு விற்ற கொலை, கொள்ளைக் கதைகளும் பெருகின. இதைக் கண்டு அஞ்சிய மதப் பிரசுர சங்கத்தார் 1879-ம் வருஷத்தில் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்ற வாரப் பத்திரிகையை அதே ஒரு பென்னி விலைக்குத் தொடங்கினர். அதில் பள்ளிக்கூடக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர் டால்பட் பெயின்ஸ் ரீட். இவர் எழுத்தாளரென்பதைவிட அச்செழுத்து வார்க்கும் தொழிற்சாலைக்காரர் என்பதே பொருந்தும். இங்கிலாந்தின் பழைய அச்செழுத்து வார்ப்படங்களைப் பற்றி இவர் 1887-ல் வெளியிட்ட பெருநூல் இன்றும் மதிக்கப்படுகிறது. மாணவர் விடுதிகளின் வாழ்க்கையை அத்தனை நயமாக வருணித்த இம்மனிதர், தாம் மட்டும் தினந்தோறும் வீட்டிலிருந்து போய்வரும் பள்ளியில் படித்தவர்! காணாத வாழ்வைக் கண்டதுபோல் எழுதினார்; தங்கள் வாழ்நாளில் அத்தகைய பள்ளியின் வாசலையும் மிதிக்க இயலாத தொழிலாளிகளின் பிள்ளைகள் அதை விழுந்து விழுந்து படித்தனர். மேல்வகுப்பாரின் பள்ளியைக் கீழ்வகுப்பாரின் பிள்ளைகள் கனவு காணும் இந்த விந்தை அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு நீடித்தது.

அந்தக் கனவை மிகப் பெரிதாக விற்பனை செய்தவர் சார்ல்ஸ் ஹாமில்டன். 1876-ல் பிறந்து 1961-ல் மறைந்த இவர், பிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற புனைபெயரில் 'தி மாக்னெட்' என்ற வாரப் பத்திரிகையில் 1908 முதல் 1940 வரை கிரேபிரையர்ஸ் என்னும் கற்பனைப் பள்ளியின் கதைகளை எழுதினார். மார்ட்டின் கிளிபர்ட் என்ற மற்றொரு புனைபெயரில் 'தி ஜெம்' பத்திரிகைக்கும் எழுதினார். 'தி மாக்னெட்' மொத்தம் 1683 இதழ்கள் வந்தது. முப்பத்திரண்டு வருஷ காலத்தில் அப்பள்ளியின் பிள்ளைகள் ஒருவருக்கேனும் ஒரு வயது கூடவில்லை! மார்க்கண்டேயனுக்குக் கிடைத்த வரம் அந்த வகுப்பு முழுவதற்கும் கிடைத்திருந்தது போலும். பில்லி பண்டர் என்ற பெருந்தீனிக்காரன் அக்கதைகளில் தலைசிறந்த பாத்திரம். நம்மவர் கதையில் வரும் குண்டோதரனுக்கு வட்டக் கண்ணாடியும் கட்டம்போட்ட காற்சட்டையும் மாட்டினால் அவன்தான். அந்தக் கண்ணாடியையும் காற்சட்டையையும் உலகறியச் செய்தது 1911 முதல் அப்பத்திரிகைக்குப் படம் வரைந்த ஸி. எச். சாப்மன் என்பாரின் பேனா. கதையை மறந்தவர்க்கும் அவ்வுருவம் மறக்கவில்லை. எழுத்தைக் காட்டிலும் சித்திரம் நெஞ்சில் ஆழப் பதியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நாம் இங்கே நின்று பார்க்க வேண்டிய பாத்திரம் பண்டர் அல்லன். 1908-லேயே அப்பள்ளிக்கு வந்து சேர்ந்த ஹரி ஜாம்செட் ராம் சிங் என்னும் இந்திய மாணவனே நமது கவனத்துக்குரியவன். இவன் பானிப்பூர் என்ற கற்பனைச் சமஸ்தானத்தின் நவாப். பெயரைக் கவனியுங்கள்: ஹரியும் ராமும் இந்துப் பெயர்கள், ஜாம்செட் பார்ஸிப் பெயர், சிங் வடநாட்டு ராஜபுத்திரரும் சீக்கியரும் தரிப்பது, நவாப் முஸ்லிம் பிரபுவின் பட்டம். இந்தியாவில் எவரும் எவர்க்கும் வைத்திராத பெயரை, இந்தியாவைக் காணாத ஒருவர், இந்தியரைக் காணாத பிள்ளைகளுக்காகத் தைத்துக் கொடுத்தார். அவன் நல்லவன்; பெருந்தன்மையுள்ளவன்; கிரிக்கெட்டில் பந்து வீசுவதில் வல்லவன்; கதாநாயகர் ஐவரில் ஒருவன். ஆனால் வாய் திறந்தாலோ, ஆங்கிலச் சொற்களுக்கு வேண்டாத வால்களை ஒட்டி ஒட்டிப் பேசி வாசகரைச் சிரிக்க வைப்பான். அதே பள்ளியில் வுன் லங் என்ற சீனச் சிறுவனும் உண்டு. அவனுடைய ஆங்கிலமும் சந்தைச் சிரிப்புக்காகவே கோணலாக்கப்பட்டது.

இந்த அநீதியைப் பளிச்சென்று சுட்டிக்காட்டியவர் ஜார்ஜ் ஆர்வெல். இவர் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்து, ஏகாதிபத்தியத்தை அருகிருந்து கண்டு வெறுத்து அதை உதறியவர். 1940-ம் வருஷம் மார்ச்சு மாதம் 'ஹொரைசன்' என்ற பத்திரிகையில் சிறுவர் வாரப் பத்திரிகைகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அக்கதைகளின் உலகில் தொழிலாளியின் உண்மை வாழ்வுக்கு இடமில்லையென்றும், வேலையில்லாத் திண்டாட்டமோ தொழிற்சங்கமோ அங்கே தலைகாட்டுவதில்லையென்றும், அந்நியர் அனைவரும் நகைப்புக்கென்றே ஆக்கப்பட்டவரென்றும், இவ்வெண்ணங்களைப் பிள்ளைகள் அறியாமலே உட்கொள்கின்றனரென்றும் வாதித்தார். முப்பது வருஷக் கதைகளை ஒரே மனிதர் எழுதியிருக்க முடியாதென்றும் கருதினார். இரண்டு மாதம் கழித்து அதே பத்திரிகையில் பிராங்க் ரிச்சர்ட்ஸ் பதிலளித்தார்: எழுதியவர் தாமே, பிள்ளைகளுக்கு வேண்டியது மகிழ்ச்சியே, அந்நியர் நகைப்புக்குரியவராகத் தோன்றுவதற்குக் காரணம், அவர்கள் மெய்யாகவே அவ்வாறிருப்பதுதான்!

பதில் சாமர்த்தியமானதே. எனினும் நாம் ஆர்வெல் பக்கமே நிற்கிறோம். கிரேபிரையர்ஸ் கதைகளைப் படித்த இந்தியச் சிறுவன், ஹரி சிங் பந்து வீசும்போது பெருமைப்பட்டான், பேசும்போது வெட்கப்பட்டான். பெருமை ஒரு பக்கத்துக்கு, வெட்கம் ஒன்பது பக்கத்துக்கு. இது வெள்ளையர் மட்டும் செய்த குற்றமன்று என்பதையும் சொல்லிவிடுவோம். வயலில் உழைப்பவனின் பேச்சையும், குப்பை வாருபவனின் நடையையும் பழித்துக் காட்டிச் சிரிப்பு விளைவிப்பது நமது நாடக மேடையும் கைக்கொண்ட வழிதான். பிறன் நம்மைக் கோமாளியாக்கினால் கொதிக்கும் நாம், நம்மவரில் எளியவரை நாமே கோமாளியாக்குவதைக் கைதட்டி வரவேற்றிருக்கிறோம்.

காகிதப் பஞ்சத்தால் 'தி மாக்னெட்' அவ்வருஷம் மே மாதத்தோடு நின்றது. பண்டர் மட்டும் 1947 முதல் தனிப் புத்தகங்களில் மறுபடி உயிர்த்தெழுந்தான். பெண் பிள்ளைகளுக்கு எனிட் பிளைட்டன் 1946 முதல் 1951 வரை மாலரி டவர்ஸ் கதைகள் ஆறு எழுதினார். இவற்றையும் நம் நாட்டு ஆங்கிலப் படிப்புப் படித்த குடும்பங்களின் பெண்கள் விரும்பிப் படித்தனரெனினும், அவற்றில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அதே செல்வர் விடுதிதான்.

நமது தமிழகத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் விட்டுவிடலாகாது. ஆர். கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' 1935-ல் வெளியாயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயினும், பயந்தாங்கொள்ளியான ஒரு தென்னிந்தியச் சிறுவன், மிஷன் பள்ளியில் வாத்தியாரிடம் அகப்பட்டுத் திண்டாடுவதையும், சுதேசிக் கிளர்ச்சியில் மாட்டிக்கொள்வதையும், கிரிக்கெட் சங்கம் அமைப்பதையும் சொல்லும் அக்கதையில் இந்தியப் பையன் கோமாளியல்லன், கதாநாயகன். சிரிப்பு அங்கேயும் உண்டு. ஆனால் அது அவனோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அந்நாட்டில் எட்டு வருஷ ஆரம்பப் படிப்பும் நான்கு வருஷ உயர்படிப்புமே பழைய முறை. இரண்டுக்கும் இடையே உள்ள பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி வேண்டுமென்ற எண்ணத்தால் 1909-ல் ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் ஓர் இடைப்பள்ளி தொடங்கியது. 1960-க்குப் பின்னர் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைக் கொண்ட நடுநிலைப் பள்ளி எங்கும் பரவியது. உடல் வளர்ந்து, குரல் உடைந்து, நட்பு மாறி, முகத்தில் பரு தோன்றும் மூன்று வருஷங்களும் ஒரே கட்டடத்துக்குள் அடைபட்டன. கதைக்கு இதைவிட நல்ல களம் வேறென்ன வேண்டும்?

ஆனால் சித்திரக்கதைக்கு அங்கே நெடுங்காலம் மதிப்பில்லை. 1954-ல் பிரடெரிக் வெர்த்தம் என்ற மனநோய் வைத்தியர், சித்திரக்கதைகளே பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். செனட் சபையின் குழு விசாரித்தது. பிரசுரகர்த்தர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதித்துக்கொண்டனர். அதன் பிறகு வெகு காலம் வரை, படக்கதையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையை உபாத்தியாயர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

நிலைமையை மாற்றியவர்களுள் ஜெப் கின்னி ஒருவர். பத்திரிகைச் சித்திரக்காரராக வேண்டுமென்று முயன்று, எப்பத்திரிகையும் ஏற்காமல் தோற்றவர் இவர். தமது கோடுகள் சிறுபிள்ளை வரைந்தவை போலிருப்பதே குறையென்றால், சிறுபிள்ளை வரைந்ததாகவே ஒரு புத்தகம் செய்தாலென்ன என்று 1998-ல் கருதினார். கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தில் கிரெக் என்ற நடுநிலைப் பள்ளி மாணவன் தன் கையால் எழுதி இடையிடையே குச்சி மனிதர்களை வரைந்து வைத்த நாட்குறிப்பு. 2004-ல் இணையத்தளத்தில் வெளியாகி, 2007-ல் புத்தகமாயிற்று. பெரியவர்கள் தங்கள் இளமையை நினைத்துச் சிரிப்பதற்கென்றே அவர் அதை எண்ணியிருந்தார். பிள்ளைகளுக்குரியதென்று கண்டவர் பிரசுரகர்த்தர். அந்த வரிசை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. கிரெக் உத்தமனல்லன், சோம்பேறி, சுயநலக்காரன், நண்பனைக் காட்டிக்கொடுப்பவன். எழுத்தில் ஒன்று சொல்வான், படத்தில் மற்றொன்று தெரியும். அந்த முரண்பாட்டில்தான் பிள்ளைகள் பொய்யைக் கண்டு சிரிக்கின்றனர். நீதிவாக்கியம் எதுவும் எழுதாமலே நீதி விளங்கும் இவ்வுபாயத்தை நாம் மெச்சுகிறோம்.

ரெய்னா டெல்கெமையர் என்ற பெண்மணி வேறு வழியில் சென்றார். ஆறாம் வகுப்பில் கீழே விழுந்து முன்பற்கள் இரண்டும் சேதமடைந்த தம் சொந்தக் கதையையே 'ஸ்மைல்' என்ற பெயரில் 2010-ல் வெளியிட்டார். பல் வைத்தியம் நாலைந்து வருஷம் நீள்கிறது. இடையே 1989-ம் வருஷத்து ஸான் பிரான்ஸிஸ்கோ பூகம்பமும் வருகிறது. ஆயினும் தோழிகளின் ஏளனமே அவளுக்குப் பூகம்பத்தினும் பெரிதாகப்படுகிறது. இவர் வேலை செய்யும் முறை அறியத்தக்கது. முதலில் கதையை உரைநடையாக எழுதுவதில்லை. சிறு சிறு கட்டங்களாகப் பக்கத்தைப் பிரித்து, கட்டத்துக்குள் கிறுக்கலாக உருவங்களையும் பேச்சையும் ஒருங்கே இடுகிறார். யார் எங்கே நிற்கிறார், எந்தக் கட்டத்தில் பேச்சின்றி முகம் மட்டும் போதும், பக்கத்தைப் புரட்டும் இடத்தில் எது வரவேண்டும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகின்றன. பிறகே பென்சில், அதன் மேல் மை, கடைசியில் வேறொருவர் கையால் வர்ணம். எழுத்தாளன் ஒருவன் எழுதிக் கொடுக்க, ஓவியன் ஓரத்தில் படம் ஒட்டும் பழைய முறையன்று இது. இங்கே சித்திரமே வாக்கியம்.

இத்தனைக்கும் பின்னர், 1908-ல் ஹரி சிங் வாயால் எழுந்த கேள்விக்கு நேரான பதில் வந்தது 2019-ம் வருஷத்தில்தான் என்பது நம் கருத்து. ஜெரி கிராப்ட் என்ற கறுப்பின ஓவியர், நியூயார்க் நகரின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் வளர்ந்து, செல்வர்கள் படிக்கும் தனியார் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். பிரசுரகர்த்தர்கள் கைவிட்டதால் தம் புத்தகங்களைத் தாமே அச்சிட்டு விற்றுவந்தவர். அவர் வரைந்த 'நியூ கிட்' நவீனத்தில், ஜோர்டன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், ஓவியப் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டும், பெற்றோர் விருப்பப்படி ஒரு பெரிய தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேருகிறான். அவன் தோழன் ட்ரூவை வகுப்பாசிரியை ஓயாமல் வேறொரு கறுப்பு மாணவனின் பெயரால் அழைக்கிறாள். அவளுக்குக் கெட்ட எண்ணமில்லை. நினைவில் நிறுத்துவதற்கு அவசியம் தோன்றவில்லை, அவ்வளவே. கணிதம் கற்பிக்கும் கறுப்பு ஆசிரியரை விளையாட்டுப் பயிற்சியாளரென்றே எண்ணுகின்றனர். கறுப்புப் பிள்ளைகளைப் பற்றிய புத்தகமென்றால் அது தெருச்சண்டையும் துயரமுமாகவே இருக்க வேண்டுமென்ற வழக்கத்தையும் அந்நூல் கிண்டல் செய்கிறது. சிறுவர் இருவரும் ஒருவரையொருவர் வேண்டுமென்றே தப்பான பெயர்களால் அழைத்து விளையாடுகின்றனர். சிரிப்பு இப்போது எவர் கையில் இருக்கிறது பாருங்கள்!

வர்ணப் பக்கங்களின் நடுவே ஜோர்டனின் சொந்தச் சித்திர நோட்டு, வெறும் கறுப்பு வெள்ளையில், அடிக்கடி வருகிறது. பள்ளி அவனைப் பார்ப்பது வர்ணத்தில். அவன் பள்ளியைப் பார்ப்பது பென்சிலில். 2020-ம் வருஷத்தில் அந்நூலுக்கு நியூபெரி பதக்கம் அளித்தனர். 1922 முதல் அளிக்கப்பட்டுவரும் அப்பதக்கத்தைச் சித்திர நவீனம் ஒன்று பெற்றது அதுவே முதல் தடவை. மறு வருஷமே டெக்ஸாஸ் மாகாணத்துக் கேட்டி என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், வெள்ளைப் பிள்ளைகளின் மனம் புண்படுமென்று சில பெற்றோர் செய்த முறையீட்டுக்கு இணங்கி, நூலை அலமாரியிலிருந்து எடுத்தது. பரிசீலனைக்குப் பின் அதே அக்டோபர் மாதத்தில் திருப்பி வைத்தது. ஹரி சிங்கும் வுன் லங்கும் முப்பத்திரண்டு வருஷம் சிரிக்கப்பட்டபோது எந்தப் பிள்ளையின் மனம் புண்படுமென்று எவரும் முறையிடவில்லை.

நம் நாட்டில் இத்துறைக்கு ஆள் இல்லாமலில்லை. 1951-ல் பிறந்த முகமட் நோர் காலிட் என்ற லாட், 1979-ல் 'கம்போங் பாய்' என்ற சித்திரக்கதையையும் 1981-ல் 'டவுன் பாய்' என்ற அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டார். முன்னது பேராக் கிராமத்துப் பையன் ஈய வாரிக்கப்பலின் ஓசைக்கிடையே வளர்ந்து, ஈப்போவுக்குப் படிக்கப் புறப்படுவதோடு முடிகிறது. பின்னது நகரத்தில் பிராங்கி என்ற சீனச் சிறுவனோடு அவன் கொண்ட நட்பைச் சொல்கிறது. காப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருவரும் இசைத்தட்டு கேட்கின்றனர். கடைசியில் பிராங்கி மேற்படிப்புக்காகச் சீமைக்குப் போக, ஈப்போ ரயில் நிலையத்தில் பிரிகின்றனர். எந்த இனமும் எந்த இனத்துக்கும் கோமாளியாகாமல், எல்லோரும் சமமாகக் கோமாளியாகும் அழகு அந்நூலுக்கு உண்டு. அமெரிக்காவில் சித்திர நவீனத்துக்கு மதிப்பு வருமுன்னரே ஈப்போவில் அது பிறந்துவிட்டது. அமெரிக்கர் அதைத் தங்கள் நாட்டில் பதிப்பித்தது 2006-லும் 2007-லுந்தான்.

தோட்டத்துப் பிள்ளையின் பள்ளியோ வேறு ஜாதகம் கொண்டது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகளுக்கு மேலிருந்தால் பள்ளி நடத்த வேண்டுமெனத் தோட்டத்தாருக்கு விதித்தது. அறையொன்று காட்டினால் சட்டம் நிறைவேறிற்று. கங்காணியோ கிராணியோ ஒழிந்த நேரத்தில் வாத்தியாராகும் பள்ளிகளும் இருந்தன. செக்ரோலில் பெயர் கூப்பிட்ட குரலாலேயே வருகைப் பதிவும் கூப்பிட்ட அந்தக் கிராணிகளின் வழிவந்த நாம், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறையைப் பிராங்க் ரிச்சர்ட்ஸ் போலக் கனவாக்கவும் வேண்டாம், ஒப்பாரியாக்கவும் வேண்டாம். நமது பத்திரிகைகள் தோட்டத்துச் சிறுவரை எழுதப் பழக்கியதுண்டு. 'தமிழ் முரசு' 1950-களில் நடத்திய மாணவர் மணிமன்றத்தால் எழுத்தாளரானவர் பலர். வரையப் பழக்குவதில் அத்தனை ஊக்கம் நாம் காட்டவில்லை.

தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை, பன்னிரண்டு வயதில் பஸ் ஏறி, மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போவதும், அங்கே புகுமுக வகுப்பென்று ஒரு வருஷம் தனி அறையில் அமர்ந்ததும், வருகைப் பதிவில் தன் பெயர் மூன்று விதமாக உச்சரிக்கப்பட்டதும், அதைக் கேட்டுப் பின்வரிசையில் மூன்று இனப் பிள்ளைகளும் சிரித்ததும் நம் வீடுகளில் தெரியாத செய்தியன்று. கிராப்ட் வரைந்தது இதைத்தான். ஊரும் நிறமும் வேறு. வரைய வேண்டிய பிள்ளைக்கு முதலாக வேண்டியது கோடுபோட்ட ஒரு நோட்டும் ஒரு பென்சிலும். இரண்டாவதாக, அதைப் பிடுங்கிக் கிழித்துவிடாத ஒரு வாத்தியார். மூன்றாவது பொறுமை: கின்னி தமது நோட்டைப் பிரசுரகர்த்தர் ஒருவரிடம் காட்டுமுன் எட்டு வருஷம் வரைந்துகொண்டிருந்தார்.